ரெண்டு பார்சல்

"ஒருத்திக்கு எதுக்குடி ரெண்டு பார்சல் பிரியாணி?"

ஆம்பூரில் ஷூ கம்பெனி விட்டு வருகிறவர்களால் நிரம்பிய பஸ். இந்தக் கேள்வியில் என் தூக்கம் போய்விட்டது. முன் சீட்டில் இரண்டு பெண்கள், கழுத்தில் கம்பெனி அட்டை. பாதி மாசத்திலேயே சம்பளம் தீர்ந்துபோகிற சின்னவளுக்கு, எந்தச் செலவை நிறுத்தலாம் என்று பெரியவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஆனா வாங்கிடறேன்க்கா."

"இனிமே ஒண்ணு வாங்கு."

"என்னப் பாத்ததுமே கடை அண்ணன் ரெண்டு கட்டிடுவாருக்கா. ஒண்ணுல கத்திரிக்கா ஜாஸ்தி வெப்பாரு. அது எங்க வூட்டுக்காரருக்கு."

"ஒண்ணு போதும்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"அவர் செத்துப்போனது கடை அண்ணனுக்குத் தெரியாதுக்கா."

பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் நின்றது. பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் கிளம்பியதும் சின்னவள் பக்கம் திரும்பினாள்.

"வேற கடைக்குப் போயேன்."

"அங்க யாருக்கா என்னக் கேப்பாங்க? தெருவுல, கம்பெனில, எல்லாரும் அவர் பேச்ச எடுக்கறதயே வுட்டுட்டாங்க. நான் அழுவேன்னு பயம். இந்த அண்ணன் ஒருத்தர்தான் வாராவாரம் 'அவர் எப்டிம்மா இருக்காரு'ன்னு கேக்கறாரு. நல்லாருக்காருண்ணான்னு சொல்லிட்டு வருவேன்."

வேலூர் கிட்டே வந்ததும் பெரியவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி, பிரியாணி இருக்கட்டும். டீயக் கம்மி பண்ணிக்கலாம்."