வடக்கே போன ஜவ்வரிசி

ஜவ்வரிசியைச் சிவப்புச் சாயத்தில் நனைத்துத் தண்ணீரில் விட்டால் எந்தப் பக்கம் போகும் என்று நீங்கள் பார்த்ததுண்டா? ராசிபுரத்துக்குப் பக்கத்தில், மூடிக் கிடந்த மரவள்ளிக் கிழங்கு மில்லின் தொட்டி ஒன்றில், 1982-ல் அதைப் பார்ப்பதுதான் என் வேலை.

தொட்டிக்குள் சிமெண்டில் ஒரு கடற்கரை கட்டியிருந்தோம். என் ஊர்க் கடற்கரை. ஊருக்கு மூன்று மைல் வடக்கே மருந்து ஆலை ஒன்று வரவிருந்தது. அதன் கழிவுக் குழாயைக் கடலில் எங்கே விடலாம் என்று சொல்லும் பொறுப்பை இன்ஜினியர் தங்கசாமி எடுத்திருந்தார். ஜவ்வரிசிதான் கழிவு. பம்பு தெற்கிலிருந்து தள்ளும். மணிகள் வடக்கே ஆளில்லாத மணல்திட்டில் போய் ஒதுங்கும்.

தங்கசாமி கடலில் அளவெடுத்தது ஆனி மாதம் மட்டும். பரமத்திப் பக்கம் வாய்க்கால் பாசனக் குடும்பம் அவருடையது. விட்ட தண்ணீர் திரும்பாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அங்கே கடல் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மணி அள்ளும் செல்லியம்மாள் ஒருநாள் கேட்டாள்: "ஏனுங்க கடல்காரரே, காத்து மாறுனா ஓட்டமும் மாறாதுங்களா?"

"ஏம்புள்ள, வாய்க்கால்ல உட்ட தண்ணி என்னைக்காச்சும் உங்கூட்டுக்குத் திரும்பி வந்துருக்குதா?" என்று தங்கசாமி சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இருந்தாலும் கேட்டுப்போடறேன். வருசம் பூரா இப்படித்தானுங்களா?"

ஐப்பசியில் வாடைக்காற்று எழுந்தால் ஓட்டம் தெற்கே திரும்பும். தை வரைக்கும் குழாயில் வருவதெல்லாம் எங்கள் ஊர்க் கரைக்குத்தான் வரும்.

"இப்படித்தாங்க," என்றேன்.

ஊர் என்னைத் தள்ளிவைத்திருந்தது. பஞ்சாயத்தை எதிர்த்துப் பேசினேன் என்பது குற்றம். அந்த மாதமே என் மகள் காய்ச்சலில் இறந்தாள். ஒருவரும் வரவில்லை. என் தங்கை கதவைச் சாத்திக்கொண்டாள். நானே தூக்கிப்போய் நானே குழி வெட்டினேன். அதற்காகக் கோபப்பட்டு இதைச் செய்யவில்லை. அவர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை, வராமல் இருந்தார்கள், அவ்வளவுதான். நானும் ஒன்றும் செய்யவில்லை.

ஆலை வந்தது, நாங்கள் சொன்ன இடத்திலேயே குழாயும் விட்டார்கள். 1984 மார்கழியில், எங்கள் ஊர்க் கரையில் ஒதுங்கிய மீனைத் தின்று ஒன்பது பேர் இறந்தார்கள். ஆறு பேர் குழந்தைகள். அதில் ஒருவன் என் தங்கை மகன். அவன் பிறந்ததே எனக்குத் தெரியாது.

பேப்பரைக் கீழே வைத்துவிட்டுத் தங்கசாமி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "எங்க தப்புப் பண்ணுனம்னு தெரியலீங்களே."

"கடலை யாருங்க கண்டது," என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

மறுநாள் காலை அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினார். கணக்கு முழுக்கத் தன்னுடையது என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். நான் தொட்டியைக் கழுவிவிட்டேன்.