மூணே நாள்ல கறுத்த ஆயில்

மூணே நாள்ல கறுத்துடுத்து ஸார். மூணே நாள். ஊத்தறச்சே தேன் மாதிரி இருந்தது. நாலாம் நாள் இந்தக் குச்சிய இன்ஜினுக்குள்ள விட்டு எடுத்துப் பார்க்கறேன், கண் மைய வழிச்சுண்டு வரது. இத டின்னுல அடைச்சு, சீல் வெச்சு, 'டீசல் வண்டிகளுக்கென்றே தயாரித்தது'ன்னு காயிதம் ஒட்டி விக்கறது உங்க கம்பெனி. எழுதிக்கோங்கோ. 'மூன்றே நாளில்'னு எழுதுங்கோ, 'சில நாட்களில்'னு மழுப்பாதீங்கோ. பதினாலு வருஷம் பூகோளம் சொல்லிக் குடுத்தவன் நான். எனக்கு எல்லாம் துல்லியமா இருக்கணும்.

இப்படி நிழலுக்கு வாங்கோ. மெட்ராஸ்லேர்ந்து ராத்திரியெல்லாம் ரயில்ல வந்திருக்கேள்... அந்த மட்கார்டுல மட்டும் சாயாதீங்கோ, துரு. வேஷ்டியா இருந்தா வெளுத்துக்கலாம், நீங்க சராய் போட்டுண்டிருக்கேள். யுத்தம் முடிஞ்சு ராணுவத்துல ஏலம் விட்டாளே, அதுல எடுத்த வண்டி ஸார். முன்னாடி ரெண்டு பேர் உக்காரலாம், பின்னாடி திறந்த தொட்டி. பர்மா வரைக்கும் போயிட்டு வந்ததாம். பர்மாவுல நிக்காத வண்டி உங்க ஆயிலப் போட்டதும் திருவானைக்காவல்ல நின்னுடுத்து. அதையும் எழுதிக்கோங்கோ.

பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பனத் தூக்கிண்டு அலைய முடியாம டீசல் இன்ஜின் மாத்தினேன். ஸ்ரீரங்கத்துலயே மொத டீசல் வண்டி என்னோடதுதான். விடியறதுக்கு முன்னாடி லால்குடிக்குப் போய் வாழை இலை ஏத்திண்டு டவுன் மார்க்கெட்டுல எறக்கணும். அது கிளம்பற சத்தத்துல உத்தர வீதியே எழுந்து உக்காந்துக்கும். பக்கத்தாத்து யதிராஜன் என்னோட பேசி அஞ்சு மாசம் ஆறது. சுப்ரபாதத்துக்கு முன்னாடி இவர் வண்டி பெருமாள எழுப்பறதுன்னு கோயில்ல போய்ச் சொல்லியிருக்கார். சொல்லட்டுமே. அவருக்கு எதுலயும் பொறாமைதான்.

விஷயத்துக்கு வரேன். நீங்க எங்கயும் ஓடிடப் போறதில்லையே. பன்னண்டரை பஸ்ஸா? நிறைய நாழி இருக்கு.

நான் பள்ளிக்கூடத்து வேலைய ராஜினாமா பண்ணிட்டு இதுல இறங்கினேன் ஸார். வாத்தியார் கோட்டக் கழட்டி டிரங்குப் பெட்டில போட்டுப் பூட்டிட்டேன். அன்னிக்கு எங்க ஹெட்மாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமோ? "தேசிகன், உம்ம நாற்காலி காலியாத்தான் இருக்கும், வண்டி நின்னா வாரும்"னார். நின்னாவாம். சிரிச்சுண்டே சொன்னார் ஸார், வெத்தலைய மென்னுண்டு. இப்ப ஊர்ல எல்லாருக்கும் வண்டி நின்னுடுத்துன்னு தெரியும். உங்க டின்னுலயே போட்டிருக்கு பாருங்கோ, 'எங்கள் எண்ணெயால் இன்ஜினுக்குச் சேதம் நேர்ந்தால் மாற்றித் தரப்படும்'னு. ஆக, 'எண்ணெயில் கோளாறு'ன்னு நீங்க ஒரே ஒரு வரி எழுதினா எனக்கு இன்ஜின் வரும். எழுதலேன்னா... எழுதுவேள். உங்க முகத்தப் பார்த்தாலே தெரியறது.

எண்ணெய் தேர்ந்தெடுக்கறதுக்கு நான் பட்ட பாடு இருக்கே. பெண்ணுக்கு வரன் பார்க்கறச்சே கூட இத்தன பேர்கிட்ட விசாரிக்கல. சத்திரத்துக்கிட்ட பரக்கத் அலின்னு ஒருத்தர், நாலு லாரி வெச்சிருக்கார். "நாப்பதாம் நம்பர் போடுங்க சாமி, நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா இருந்தாத்தான் தாங்கும்"ங்கறார். என் மச்சினன் வீரராகவன், ரயில்வேல குமாஸ்தா, "எது விலை ஜாஸ்தியோ அத ஊத்தும்"ங்கறான். அவன் வாங்கப் போறானா? நான் அட்லஸ எடுத்து வெச்சுண்டு அட்சரேகையெல்லாம் பார்த்தேன். அதுல ஆயிலப் பத்தி ஒண்ணும் இல்ல.

கடைசில அமிர்தசாமி. பாலக்கரைல மெக்கானிக், நல்ல கைக்காரன்தான். "முப்பது போதுங்க ஐயரே"ன்னான். நான் ஐயரில்லடா, ஐயங்கார்னு புரிய வைக்கவே அரை மணி ஆச்சு. "சரிங்க ஐயரே, டீசலுக்குன்னே புதுசா ஒண்ணு வந்திருக்கு, அத ஊத்துங்க. சீக்கிரம் கறுக்கும், பயந்துடாதீங்க. இன்ஜின்ல இருக்கற கரிய அது வாங்கித் தன்கிட்ட வெச்சுக்குது. கறுத்தாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்"னான். நியாயத்தக் கேட்டேளா? வேஷ்டி கறுத்தா வண்ணானுக்குப் போடறோம். பாத்திரம் கறுத்தா புளி போட்டுத் தேய்க்கறோம். எண்ணெய் மட்டும் கறுத்தா சந்தோஷப்படணுமாம்.

என்ன தலையாட்டறேள்? நீங்களும் அதையேதான் சொல்றேளா? நீங்க கம்பெனி மனுஷர், சொல்லத்தான் சொல்வேள்.

புட்டில கொஞ்சம் பிடிச்சுக்கறேளா? பேஷா பிடிச்சுக்கோங்கோ. அந்தத் திருகாணியக் கழட்டினா கீழ வரும். மெதுவாத்தான் வரும். கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும்... அது உங்க சரக்கோட லட்சணம். ஏன் மோந்து பாக்கறேள்? ஆயில மோந்து பாக்கறவாள நான் கண்டதில்ல. திரும்பியும் மோக்கறேளே.

அத விடுங்கோ, திங்கக்கிழமை நடந்த கூத்தச் சொல்றேன். லால்குடிலேர்ந்து முழு லோடோட வந்துண்டிருக்கேன். திருவானைக்காவல் கோபுரத்துக்கு நேரா வரச்சே 'கிரீச்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான், இன்ஜின் புடிச்சுண்டுடுத்து. ஸ்ரீரங்கத்து வண்டி, சிவன் கோயில் வாசல்ல. எங்கப்பா இருந்திருந்தா வண்டிய ஆத்துக்குள்ளயே சேர்த்திருக்க மாட்டார். எட்டுப் பேர் வந்து தள்ளினா. அதுல ஒருத்தன், நல்ல எண்ணத்துலதான், பானெட்டு மேல மூணு பட்டையா விபூதிய இழுத்துட்டான். அந்தக் கோலத்தோட வடக்கு வாசல் வழியா, முன்ன பின்ன ஆள் தாங்க, எழுந்தருளப் பண்ணிண்டு வந்தா. யதிராஜன் வாசல்லயே நின்னுண்டு, "தேசிகன், இன்னிக்கு என்ன புறப்பாடு?"ங்கறார். அஞ்சு மாசம் பேசாத மனுஷர். அதுக்குன்னே வாயத் திறந்தார்.

இருங்கோ, ஆத்துக்காரி கூப்பிடறா. என்ன குமுதம்? எந்த ஜாடி? இப்ப எதுக்கு அது? குழந்தைக்கு வயிறு உப்பினா ஓமத் தண்ணி குடேன். காலியா இருந்தா காலியா இருக்கும், அதுக்கு நான் என்ன பண்ண? ரெண்டு படியா? ரெண்டு படியெல்லாம் இருந்திருக்காது. மெதுவாப் பேசு, மனுஷா வந்திருக்கா.

ஒண்ணுமில்ல ஸார். வெளக்கெண்ணெய். அது ஆத்து விஷயம். அத ஏன் எழுதிக்கறேள்? மறுபடியும் மோக்கறேள்.

சரி. படிச்ச மனுஷர், உங்ககிட்ட சொன்னா என்ன. நாக்கு கறுத்துப் போனா என்ன அர்த்தம்? வயத்துல அழுக்கு. என்ன பண்ணுவோம்? பேதிக்குச் சாப்பிடுவோம். ஆறு மாசத்துக்கு ஒரு தரம், ஞாயித்துக்கிழமையா பார்த்து, வெறும் வயத்துல வெளக்கெண்ணெய். மத்தியானம் மிளகு சாத்தமுது சாதம். எங்காத்துல மூணு தலமுறையா யாரும் டாக்டர்கிட்ட போனதில்ல. இந்தக் குச்சி வண்டியோட நாக்குதானே ஸார்? கறுத்திருந்தது. நான் என்ன பண்ண?

கண்டதையும் ஊத்திடல. மொத யுத்தத்துல ஆகாய விமானத்துக்கே வெளக்கெண்ணெய்தான் விட்டான்னு பத்திரிகைல படிச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வண்டிக்கு லீவு விட்டு, உங்க ஆயில்ல பாதிய இறக்கிட்டு, வெறும் வயறு வேணுமோல்லியோ, அப்புறம்தான் விட்டேன். கால் மணி ஓட விட்டுட்டு கீழ திறந்தேன். எல்லாம் இறங்கியிருக்கணும். கொழகொழன்னு தொங்கறதே தவிர, இறங்கல. மனுஷாளுக்கு இளகற சரக்கு இதுக்குக் கட்டிண்டுடுத்து. சரி, லால்குடி ரோட்டுல குலுங்கினா தானா இறங்கும்னு விட்டுட்டேன். உங்க ஆயில் மட்டும் கறுக்காம இருந்திருந்தா நான் அதுல கையே வெச்சிருக்க மாட்டேன். மூல காரணம் எதுன்னு பார்க்கணுமோல்லியோ?

பேனாவ மூடிட்டேளா? பன்னண்டரைக்குத்தானே பஸ்? காப்பி கூடக் குடிக்கல. சிரிக்காதீங்கோ ஸார், அந்த ஹெட்மாஸ்டர் மாதிரியே இருக்கு.

ஒரு நிமிஷம் நில்லுங்கோ. பொய் எழுதச் சொல்லல, நான் வாத்தியார், பொய் சொல்ல மாட்டேன். 'எண்ணெயில் கோளாறு'ன்னு ஒரு வரி. எந்த எண்ணெய்னு எழுத வேண்டாம். அதுல என்ன தப்பு இருக்கு? ஸார்... அந்தப் பக்கம் சந்து முட்டும், இப்படி இடது கைப் பக்கம் போங்கோ... ஸார்...

என்ன குமுதம்? போயிட்டார். ஆமா, காப்பிய நானே குடிச்சுக்கறேன். இங்க வா, அந்த டிரங்குப் பெட்டில என் கோட்டு இருக்கோல்லியோ, அத எடுத்து வெயில்ல போடு. எங்கயும் கல்யாணமில்ல. அந்துருண்டை வாசனை போகட்டும்... திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்கறது.