பூவுக்குப் போட்ட வேலி

அக்காவைக் கொன்றது மாடு அல்ல. நாம் போட்ட முள்கம்பி வேலி.

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, மணல்மேட்டுப் பாதுகாப்பு அலுவலகத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் மகளே, வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தில் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்காரச் சொன்னார்கள். அப்படி உட்கார என்னால் முடியாது.

மாட்டுக்கார அக்கா! நாம் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பதினெட்டு மாடுகளோடு அவர் வந்தபோது இந்தக் கடற்கரை மணல்மேடு எப்படி இருந்தது? ஆள் உயரப் புல்! புதர்! மணலைக் கண்ணால் பார்க்க முடிந்ததா? இயந்திரம் வைத்து வெட்டினோம். வெட்ட வெட்டத் தழைத்தது. மாடுகள் புல்லைக் கடித்தன, புதரை மிதித்தன, குளம்பால் மணலைக் கிளறின. அழிந்துபோனதாக நாம் எழுதி வைத்திருந்த சின்ன நீலப்பூ மூன்றாம் ஆண்டு மீண்டும் பூத்தது. எங்கே? மாட்டின் குளம்படிக் குழிகளில்! அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது.

அந்தப் பூக்களை எண்ணுவது என் வேலை. சதுர மரச்சட்டத்தை மணலில் வைத்து, அதற்குள் இருப்பதை எண்ண வேண்டும். சட்டத்தோடு என்னைப் பார்த்தாலே அக்கா சிரிப்பார்.

"வந்துட்டாரு பாரு, கயிறு இல்லாத கட்டிலோட! படுக்க வந்தியா, எண்ண வந்தியா தம்பி?"

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நம் புத்தி எங்கே போயிற்று? மாடு பூவைத் தின்றுவிடும் என்று பயந்து, பூ அடர்ந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டோம். அன்று அக்கா இயக்குநரிடம் கேட்டார்:

"ஐயா, மாட்டுக்கு வேலி போட்டுட்டீங்க. புல்லுக்கு என்ன போடப் போறீங்க?"

"நீங்க மாட்டப் பாருங்கம்மா. பூவ நாங்க பாத்துக்கிறோம்."

பார்த்துக்கொண்டோமா? முதல் ஆண்டு வேலிக்குள் இருநூற்றுப் பதினான்கு பூ. மறு ஆண்டு அறுபது. இந்த ஆண்டு பதினொன்று. புல் மூடிவிட்டது. படிவத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? "குறைவு. காரணம் தெரியவில்லை." காரணம் எனக்குத் தெரியும். வேலைக்குப் பயந்து எழுதவில்லை. வேலியை எடுக்கச் சொல்லி அக்கா நான்கு மனு கொடுத்தார். நான் ஒரு வரி எழுதியிருந்தால் அவற்றில் ஒன்றாவது மேசையை விட்டு நகர்ந்திருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை காலை, உள்ளே இருந்த பச்சைக்கு ஆசைப்பட்ட கிடேரி ஒன்று கம்பியில் சிக்கிக்கொண்டது. அக்கா குறட்டோடு ஓடினார். மூன்று கம்பிகளை வெட்டினார். நான்காவதை வெட்டுவதற்குள் கிடேரி மிரண்டு துள்ள, வேலியின் கல்தூண் பெயர்ந்து அவர் நெஞ்சில் சாய்ந்தது. தூணைப் புரட்டியவன் நான். "அது கால் தப்பிச்சுதா பாரு தம்பி" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை.

அலுவலக அறிக்கை என்ன சொல்கிறது? "மாடு முட்டி மரணம்." அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, திங்கட்கிழமைக்குள் மாடுகள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு! இங்கே வரும் வழியில் அக்காவின் மகள் கேட்டாள்: "அண்ணே, அம்மா போனது பத்தாதா? அவங்க வளத்த மாடே அவங்களக் கொன்னுச்சுன்னு பேர் வேற வரணுமா?"

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய அத்தனை பேரும் உறுதி சொன்னார்கள். எதைக் கொண்டு தொடர்வீர்கள்? வாயைக் கொண்டா? என் உறுதி இதுதான்: பூ குறைந்த இரண்டு ஆண்டுப் படிவங்களிலும் உண்மைக் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளை விடிந்ததும் அவர் மகளோடு மாடுகளை மணல்மேட்டுக்கு ஓட்டிப் போவேன். வேலை போனால் போகட்டும்.

இயக்குநர் அவர்களே, கொன்றது வேலி என்று அறிக்கையைத் திருத்துவீர்களா? உத்தரவைத் திரும்பப் பெறுவீர்களா? இத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள். இதோ மைக். எழுந்து வாருங்கள், ஐயா.

ஐயா?