கரடிக்கு அனுமதி இல்ல

இல்லண்ணே, நீங்க சரியாத்தான் பாத்திருக்கீங்க. டிவில வர்ற அந்தக் கரடி நான்தான். அதுக்கு எதுக்கு லத்திய எடுக்கறீங்க, கீழ வைங்க. நான் இந்த ஐ.சி.யு. கதவத் தாண்ட மாட்டேன், இங்கயே நிக்கிறேன்.

பாருங்க, காவலுக்கு நிக்கிறது உங்க வேலை. அந்த மாதிரி எனக்கும் ஒரு வேலை. மல்யுத்தம்னு பேரு. ஆனா யாரு ஜெயிக்கணும்னு திங்கக்கெழமையே ஆபீஸ்ல டீ குடிச்சிக்கிட்டே முடிவு பண்ணிடுவாங்க. பதினோரு வருஷமா சூறாவளின்னு பேரு வச்ச ஆளுகிட்ட தோத்துக்கிட்டே இருக்கேன். சம்பள உயர்வு மட்டும் ஒழுங்கா வருது. வேற எந்தக் கம்பெனில இத எதிர்பாக்க முடியும் சொல்லுங்க.

பேரா? உடம்புல முடி ஜாஸ்தின்னு மேனேஜர் வச்சது. ஒருநாள் பஸ்ல ஒரு அம்மா என்னப் பாத்ததும் செருப்பக் கழட்டிட்டாங்க. ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். வேலைய நல்லா பாக்கறேன்னு கைதட்டுனாங்க.

அடி நிஜமாவா? நாற்காலியும் நிஜம், முதுகும் நிஜம். பட்டையா, முதுகுல மட்டும் படற மாதிரி அடிக்கணும். மேடைக்கடியில மைக் வச்சிருப்பாங்க, சத்தத்த அது பாத்துக்கும். அடிச்சிட்டு சூறாவளி மேல விழுந்து கழுத்த நெரிப்பேன்ல, அப்ப யாருக்கும் தெரியாம அவன் கைய ரெண்டு தடவ அமுக்குவேன். அடி கிடி பலமா பட்டுடுச்சான்னு அர்த்தம். அவன் திருப்பி ரெண்டு தடவ அமுக்குனா ஒண்ணுமில்ல, மேல ஆகட்டும்னு அர்த்தம். ஜனங்க கொல்லு கொல்லுன்னு கத்திக்கிட்டிருப்பாங்க. நாங்க கீழ கெடந்து நலம் விசாரிச்சிக்கிட்டிருப்போம்.

அவன் இவன்னு பேசறேனா? பழக்கம்ணே, தப்பா எடுத்துக்காதீங்க.

ஆமா, நேத்து டிவில சொன்னத நானும் பாத்தேன். கரடி மறைஞ்சிருந்து பின்மண்டையில அடிச்சதுல சூறாவளி உயிருக்குப் போராடறாருன்னு. என் படத்த செவப்பு கலர்ல போட்டிருந்தாங்க. நடந்தது என்னன்னா, குளிக்கப் போனவன் சோப்புல கால வச்சிட்டான். மேடையில அவ்வளவு ஒசரத்துலருந்து குதிப்பான், ஒரு கீறல் விழாது. வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான். சோப்புன்னு சொன்னா டிக்கெட் விக்காதாம், அதனால நான் அடிச்சதா ஆயிடுச்சு.

லீவு கேட்டேன். எதுக்குன்னாங்க. சூறாவளியப் பாக்கன்னேன். கதைக்கு ஒத்து வராதுன்னுட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் வெளிய ஒண்ணா நிக்கவே கூடாதுண்ணே. தனி வண்டி, தனி ஓட்டல். அவன் கல்யாணத்துக்கே தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டு, போட்டோக்காரரோட ஆளு மாதிரிதான் போனேன். லைட்டு புடிச்சேன். எல்லார் மூஞ்சியும் பளிச்சுன்னு விழுந்திருக்கு, என்னோடத தவிர.

என்ன உறவுன்னா கேக்கறீங்க? சொல்றேன், சொல்றேன்.

இப்ப கதவு தெறந்தப்ப டாக்டர் நர்ஸுகிட்ட பேசுனது காதுல விழுந்துச்சு. அவன் கையப் புடிச்சு அமுக்கி, திருப்பி அமுக்குப்பா, அமுக்குப்பான்னு சொல்லிப் பாத்தாராம். அசைவே இல்லியாம். அவரு எத்தன தடவ அமுக்குனாரோ. ஒரு தடவைக்கெல்லாம் அவன் பதில் சொல்ல மாட்டான். கம்பெனில கத்துக் குடுத்த பழக்கமில்லண்ணே இது. சின்ன வயசுல கரண்ட் போனா அவனுக்கு உயிரே போயிடும். வாய்விட்டு அழுதா அப்பா அடிப்பாரு. அதனால சத்தம் போடாம இருட்டுல கைய நீட்டுவான். ரெண்டு தடவ அமுக்குவேன். அவனும் அமுக்குவான். அப்பறம்தான் தூங்குவான்.

நான் போய் அமுக்கியும் அவன் பேசாம கெடந்துட்டா என்ன பண்றதுன்னு பயமாத்தான் இருக்கு. ஆனா போகாம இருக்க முடியாதுல்ல.

தெரியும்ணே, ரத்த சொந்தத்துக்கு மட்டும்தான் அனுமதின்னு போர்டு போட்டிருக்கு. அதான் இவ்வளவு நேரமா சுத்தி வளைச்சிக்கிட்டிருக்கேன். உறவ வெளிய சொன்னேன்னு தெரிஞ்சா இன்னைக்கே என் சீட்டு கிழிஞ்சிடும். சரி, கிழியட்டும். உங்கள நான் மரியாதைக்கு அண்ணேன்னு கூப்பிடறேன். என்னைய நிஜமாவே அண்ணேன்னு கூப்பிட ஒரே ஒரு ஆளுதான் இருக்கான். அந்தா, கடைசிக் கட்டில்ல படுத்திருக்கான்.