நெட்டையனோட முன்னங்கால்

இல்ல சார், இப்ப நொண்டாது. நீங்க இன்னும் பத்துத் தடவ நடக்க விட்டுப் பாத்தாலும் நொண்டாது. கொஞ்சம் பொழுது ஏறட்டும்.

நீங்க ஒம்போது மணிக்கு வருவீங்கன்னுதானே சொன்னாங்க? ஏழரைக்கே வந்து நிக்கிறீங்க. குத்தமா சொல்லல சார், டாக்டருக்கு ஆயிரம் சோலி இருக்கும். எங்க வீட்டுக்காரரு, பாப்பாவோட அப்பா, ஜீப்ப எடுத்துட்டு ஸ்டேஷனுக்குப் போயிருக்காரு, முதலாளியக் கூட்டிட்டு வர. இந்த லாயத்துல குதிரை பழக்குறதெல்லாம் அவருதான். நான் சாணி அள்ளுறது, தண்ணி காட்டுறது, உடம்பு தேச்சு விடுறது. எனக்கு மனுசங்ககிட்ட அவ்வளவாப் பேச வராது சார். நாலாங்கிளாசோட நின்னவ. இவன்கிட்டன்னா பேசுவேன். திருப்பிக் கேள்வி கேக்க மாட்டான் பாருங்க.

நெட்டையன்னு நான் வச்ச பேருதான். முதலாளி வச்ச பேரு ஒண்ணு இருக்கு, என் வாயில நுழையல. வந்தப்போ ஒன்னரை வயசு. நாலு மூங்கிலு மேல ஒரு பெட்டிய வச்ச மாதிரி இருந்தான். பாப்பாவோட அப்பா சந்தோசத்துல தீனிய அள்ளி அள்ளிப் போட்டாரு. அடுத்த பந்தய சீசன்ல இவன ஓட விட்டுக் காட்டுறேன், இல்லன்னா மீசைய எடுத்துடுறேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டாரு. மூணே மாசம், முட்டிக்கு மேல ரெண்டு முன்னங்காலும் வீங்கிப் போச்சு. தொட்டா அடுப்பு மாதிரி சூடு. நீங்கதானே வந்து பாத்தீங்க? வளர்ற எலும்பும்மா, உடம்பு முந்திக்கிச்சு, எலும்பு பிந்திக்கிச்சு, தானியத்தக் குறை, புல்லக் குடு, கல்லுத் தரையில நடத்தாத, காலையிலயும் சாயங்காலமும் பச்சத்தண்ணிய கால்ல பீச்சி அடின்னீங்க. ஒண்ணு விடாம செஞ்சேன் சார். நீங்க சொன்னத ஒரு அட்டையில எழுதி அந்தத் தூணுல கட்டி வச்சிருக்கேன் பாருங்க. எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும், சிரிக்காதீங்க.

ஒன்னரை மாசத்துல வீக்கம் வத்திடுச்சு. உண்மையச் சொல்லணும்ல. நல்லா ஆயிட்டான்.

ஆங், அதுக்கப்புறம் மறுபடியும் நொண்டுனான். அதுக்குத்தானே நீங்க ரெண்டு தடவ வந்தீங்க, படம் கூட எடுத்தீங்க. எலும்புல ஒண்ணுமே இல்லையேன்னு மண்டையச் சொறிஞ்சீங்க. பாவமா இருந்துச்சு.

அந்தக் கோடா? குளம்புக்கு மேல, முடிக்குள்ளயா? அது... கயிறு உரசியிருக்கும் சார்.

பாப்பா, டாக்டர் மாமா பையத் தொடாத. அவ ஒண்ணும் எடுக்க மாட்டா சார், பாத்துட்டு இருப்பா, அவ்ளோதான். சத்தமே வராது. மூணு வயசு முடியப் போகுது. பொண்ணு ரொம்ப அடக்கம்னு எல்லாரும் சொல்லுவாங்க. அடக்கம் இல்ல சார், அவ அப்பாவுக்குச் சத்தம் ஆகாது.

அவ இடது கையா? இல்ல, பிறவி இல்ல. முழுசா நீட்ட வராது. சொல்றேன்.

அவரு கெட்டவரு இல்லன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, நானும் நம்பல. ஆனா எதுக்காகன்னு ஒரு காரணம் இருக்காது சார். மூட்டை தூக்குறவன் எங்கயாவது இறக்கி வச்சாத்தானே மூச்சு விடுவான்? அது மாதிரி அவருக்கு ஒரு நாளைக்கு இவ்ளோன்னு ஒண்ணு இருக்கு. அத எங்கயாவது இறக்கி வச்சாகணும். கல்யாணம் ஆனதுலேருந்து என் மேல இறக்கி வச்சாரு. சரி, நம்ம தலையெழுத்துன்னு இருந்தேன். அடி உதவுற மாதிரி அண்ணந்தம்பி உதவ மாட்டான்னு அடிச்சுட்டுச் சொல்லுவாரு. எனக்கு அண்ணன் தம்பியும் கெடையாது, அந்தப் பழமொழி எனக்குன்னே செஞ்சது.

இவன் முதல்ல நொண்ட ஆரம்பிச்சான் பாருங்க, அந்த ஒன்னரை மாசம் என் மேல ஒரு விரல் படல.

ஆமா சார், நெசமா. முதல்ல எனக்கும் விளங்கல. சாயங்காலம் ஆனா லாயத்துக் கதவச் சாத்திட்டு உள்ள இருப்பாரு. மீசைய அடகு வச்சுட்டேன், நீ என்ன நொண்டுறியான்னு கேக்குறது எங்க ரூம் வரைக்கும் கேக்கும். சவுக்குன்னா தோல்ல தடிச்சுக்கும், முதலாளி கண்ணுல பட்டுரும். அதனால சாக்க நனைச்சு முறுக்கி வச்சுக்குவாரு. ஈரச் சாக்கு சத்தம் வேற மாதிரி இருக்கும் சார், துணி துவைக்கிற மாதிரி. ஒரு நாப்பது, அம்பது. அப்புறம் வீட்டுக்கு வந்து கை கழுவுவாரு, சாப்புடுவாரு, பாப்பாவத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு மூக்கக் கிள்ளி விளையாடுவாரு. குழம்பு நல்லா இருக்குன்னு ஒரு நாள் சொன்னாரு. அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு, எவ்ளோ அசிங்கம் பாருங்க.

அப்புறம் இவன் நல்லா ஆயிட்டான். நான்தான் ஆக்குனேன், உங்க அட்டையப் பாத்துப் பாத்து. இவன் ஜோரா ஓடுன மூணாவது நாளு, பாப்பா அவரு பூட்ஸ் மேல தண்ணியக் கொட்டிட்டா. கையப் பிடிச்சு அப்படியே ஒரு தூக்கு தூக்குனாரு. சுள்ளி உடையிற மாதிரி ஒரு சத்தம். அவ அழக்கூட இல்ல சார், வாயத் தொறந்துட்டு என்னையே பாத்தா. டாக்டருகிட்டப் போனா என்னன்னு கேப்பாங்கன்னு அவரு போக விடல. நான் ஒரு மரத்துண்ட வச்சுக் கட்டி விட்டேன். கொஞ்சம் கோணலா கூடிடுச்சு. நீங்க விலங்கு டாக்டருதான், இருந்தாலும் எலும்பு எலும்புதானே? போறப்போ ஒரு தடவ தொட்டுப் பாருங்க.

முதலாளி இன்னிக்கு முடிவு கேக்கப் போறாரு, தெரியும். போன்ல சத்தமாத்தான் பேசுனாரு. தேறிடுச்சுன்னா நாளைக்கே லாரி வந்து இவனப் பந்தய லாயத்துக்கு ஏத்திட்டுப் போயிரும். தேறாதுன்னா ஊசி போட்டு முடிச்சுருங்கன்னாரு. ரெண்டுல எதுன்னாலும் இந்தக் கொட்டடி காலி ஆயிரும் சார். காலியான கொட்டடிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?

என் அக்கா ரெண்டு ஊரு தள்ளி இருக்கா. அவ வீட்டுல வாடகைக்கு இருக்கறவங்க ஆறு மாசத்துல போறாங்களாம். அப்ப வந்துருடி, புள்ளையத் தூக்கிட்டு வந்துருன்னு சொல்லியிருக்கா. அதுக்கு முன்னாடி எடம் இல்ல, அவளே ஒண்டிக்கிட்டு இருக்கா. ஆறு மாசம் சார். அதனால நீங்க தேறிடுச்சுன்னும் சொல்ல வேணாம், தேறாதுன்னும் சொல்ல வேணாம். வளர்ற எலும்பு, ஆறு மாசம் போனா தானா சரியாயிரும்னு சொல்லுங்க. நீங்களே முன்னாடி சொன்ன வார்த்தைதானே, எடுத்துத் தந்தா என்ன கொறஞ்சு போகும்?

அப்படிப் பாக்காதீங்க சார். இவன் உடம்பு என்னை விடத் திடம். நான் இவனச் சும்மா விட்டுடறேனா? அடி முடிஞ்சதும் நான்தான் வந்து தண்ணி அடிக்கிறேன், தேச்சு விடுறேன், வெல்லம் குடுக்குறேன். என் கைய நக்குவான். நான் தேச்சு விடுறதுதான் இவனுக்குத் தெரியும், வேற என்ன தெரியும் இவனுக்கு.

எங்கப்பா குதிரை வண்டி ஓட்டுனவரு. பெரிய வீட்டுக்காரங்க ஓசியில வண்டி கேட்டு ஆள் அனுப்புனா, அப்பா குனிஞ்சு குதிரை கால்ல ஏதோ பண்ணுவாரு. அரை மணி நேரத்துல அது நொண்ட ஆரம்பிச்சுரும். ஐயோ சாமி, மன்னிச்சுக்குங்கன்னு கையக் கட்டிட்டு நிப்பாரு. ஆளு அந்தப் பக்கம் போனதும் அவுத்து விட்டுட்டுச் சிரிப்பாரு. நாங்களும் சிரிப்போம்.

ஜீப் சத்தம் கேக்குது. பதறாதீங்க, நேரா இங்க வர மாட்டாங்க, முதலாளி மேல போயி காபி குடிச்சிட்டுத்தான் எறங்குவாரு. நேரம் இருக்கு. உங்க செருப்புகிட்ட ஒரு மயிருக் கயிறு கெடக்குது பாருங்க, அத எடுத்துக் குடுங்க சார். ஆமா, இவன் வால் முடிதான். அஞ்சாறு முடியச் சேத்துத் திரிச்சேன். இவன் நெறமே இருக்கறதால கட்டுனா கண்ணுக்குத் தெரியாது. காலையில கட்டி, அடியெல்லாம் முடிஞ்ச அப்புறம் அவுத்துருவேன். இன்னிக்குக் கட்டுறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க.

கொஞ்சம் தள்ளி நில்லுங்க. புடிக்கல்லாம் வேணாம் சார். நான் குனிஞ்சாப் போதும், பாருங்க, அவனே காலத் தூக்கிக் குடுப்பான்.