பவர் ஸ்டீயரிங் போன ஜீப்

பனமரத்துப்பட்டியிலிருந்து சேலம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையிலிருந்த ஓர் அம்மா, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "ரெண்டு நாளா மருமவளுக்கு நாந்தானுங்க சோறு ஊட்டி உடறேன்."

"ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?"

"கையத் தூக்க முடியலீங்க. எங்கூட்டுக்காரரத் தோட்டத்துல பாம்பு கடிச்சிருச்சு. பையன் வெளியூரு. மருமவதான் ஜீப்புல ஏத்திக்கிட்டுக் கெளம்புனா. ஏரிக்கரைச் சேத்துல பவர் ஸ்டீயரிங் போயிருச்சுங்க."

"அய்யோ! அப்பறம்?"

"ஸ்டீயரிங் கல்லாட்டம் இறுகிப்போச்சு. சீட்ட உட்டு எந்திரிச்சு, ஒடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு ஒடிச்சு ஒடிச்சு, ஆசுபத்திரி வரைக்கும் ஓட்டிட்டா. அவரு இன்னைக்கு உக்காந்து காப்பி குடிக்கறாரு."

"கெட்டிக்காரிங்க!"

அம்மா தலையாட்டினார்.

"வண்டி ஓட்டற பொண்ணு நம்மூட்டுக்கு ஒத்து வராதுன்னு, பொண்ணு பாக்கப் போனப்ப நாந்தானுங்க சொன்னேன்."