மறைவில் இறக்கிய பெட்டி

— இந்த வாக்கி-டாக்கியில பட்டனை அமுக்கிட்டே பேசணும்க்கா. பேசி முடிச்சதும் விட்டுடணும். நீ பாட்டுக்கு அமுக்கிப் புடிச்சுட்டே நின்னா மாமா சொல்றது நமக்கு எப்படிக் கேக்கும், சரிதானே?

— அவர் சொல்றதைக் கல்யாணமான நாள்லேர்ந்து கேட்டாச்சுடா. இன்னைக்கு அவர் கேக்கட்டும். ஏங்க, உங்களைத்தான். நான் கீழ நிக்கறேன், உங்க கிரேன் காலடியில.

— நீயா? உன்னை யாரு உள்ள விட்டது? மாப்ள, அவ தலையில ஹெல்மெட் இருக்கா?

— இருக்கு மாமா. மேஸ்திரியோடது. அக்காவுக்குப் பெருசு, மூக்கு வரைக்கும் இறங்கிட்டுது.

— இன்ஜினியரேதான் விட்டார். என்னைப் பாத்தாலே இப்பல்லாம் எந்திரிச்சு நிக்கறார் மனுஷன். அதை விடுங்க. பையைக் கையோட எடுத்துட்டு வந்துட்டேன். துண்டு, மாத்துத் துணி, ஸ்கேன் படம், எல்லாம் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரியில சேரணும். காலையில முதல் ஆப்பரேஷன் உங்களுக்குத்தான். இறங்கி வாங்க.

— இருக்கட்டும்மா. மேல்தளம் கான்கிரீட் போட்டு முடியட்டும். எனக்கு என்ன, வலியா, காய்ச்சலா? நல்லாத்தானே இருக்கேன்.

— வலிக்காததுதான் மோசம்னு டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல வச்சுக் காட்டலையா? சின்னக் கல்லுன்னா உருண்டு வந்து குழாயில அடைச்சுக்கும், நீங்க ஊரைக் கூட்டியிருப்பீங்க. இது நகராது. கிட்னிக்குள்ள எத்தனை சந்து உண்டோ அத்தனையிலயும் கிளை விட்டு, மான் கொம்பாட்டம் உக்காந்திருக்கு. சத்தமே இல்லாம கிட்னியைத் தின்னுட்டிருக்கு. அந்தப் பக்கம் பாதி வேலைகூட ஒழுங்கா நடக்கலையாம்.

— மெல்லப் பேசு. இந்தச் சேனல்ல எல்லாருக்கும் கேக்கும்.

— கேக்கட்டும். கம்பி கட்டறவங்க, சாரம் கட்டறவங்க, எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும். மேல இருக்கறவர் விடிஞ்சா ஏறுவார், இருட்டினா இறங்குவார். நடுவுல பல்லுல பச்சைத் தண்ணி படாது. குடிச்சா ஒண்ணுக்கு வரும். வந்தா இத்தனை ஏணியும் இறங்கணும். அதனால குடிக்கறதே இல்ல. என்ன ஒரு மூளை.

— அக்கா, மாமாவை மட்டும் சொல்லாத. ஒருதரம் இறங்கி ஏறினா ரொம்ப நேரம் போயிடும். கீழ அத்தனை பேரும் கையைக் கட்டிட்டு நிக்கணும், இன்ஜினியர் முறைப்பார். மத்த ஆபரேட்டருங்க ஒரு காலி பாட்டில் கொண்டுபோறாங்க. மாமா அதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறார், சரிதானே மாமா?

— கண்ணாடிக் கூண்டுடா இது. எதிர்த்த கட்டடத்துல ஆபீஸ். அத்தனை பொண்ணுங்களும் ஜன்னலோரமா உக்காந்து வேலை பாக்குதுங்க. மானம் மரியாதை வேண்டாமா?

— மானம் பத்திரமா இருக்கு, கிட்னிதான் போகுது. இறங்குங்க.

— இருக்கட்டும். எங்கப்பாவுக்கும் இதேதான். விலாவுல ஆரம்பிச்சு வயித்துப் பக்கம் வரைக்கும் கிழிச்சாங்க. தையல் போட்ட இடத்தைப் பாத்துட்டு எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. அதுக்கப்புறம் அவர் ஒரு குடம் தண்ணி தூக்கிப் பாத்ததில்ல.

— அது அந்தக் காலம். இப்போ முதுகுல ஒரே ஒரு துளை. உங்க விரல் நுழையற அளவு, அவ்வளவுதான்.

— அங்கதான் எனக்குக் கணக்கு இடிக்குது. கல்லு கிட்னி நிறைய இருக்குங்கறே, துளை விரல் தண்டிங்கறே. எப்படி வெளிய வரும்?

— மாமா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இங்க இருந்த பழைய கட்டடத்தை இடிச்சோமே, தூணை முழுசாவா வாசல் வழியா எடுத்தோம்? உள்ளயே உடைச்சு, ஜல்லியாக்கித்தானே வெளிய அள்ளினோம்?

— அதேதான்டா. அந்தத் துளையில ஒரு குழாய், குழாய்க்குள்ள கேமரா. உள்ளயே உடைச்சுத் தூளாக்கி அங்கங்கயே உறிஞ்சிடுவாங்களாம். ஒரே தடவையில அத்தனை கிளையும் வரலைன்னா ரெண்டாவது தடவை பாப்பாங்க. ரத்தம் போகலாம், காய்ச்சல் வரலாம், எதையும் மறைக்காமத்தான் சொன்னாங்க. ஆனா கிருமிக்கு மருந்து குடுத்து இப்போதான் சுத்தமா வச்சிருக்காங்க. தள்ளிப்போட்டா மறுபடி கிருமி ஏறும், உயிருக்கே ஆபத்து வந்தாலும் வரும்னு சொன்னாங்க.

— குப்புறப் படுக்கப் போட்டு, எனக்கு நினைவே இல்லாதப்போ, முதுகுல ஊசியை இறக்குவாங்க. உள்ள எத்தனை ரத்தக் குழாய் ஓடுது. கண்ணுக்குத் தெரியாத இடத்துல போய்க் குத்தறது, அதை எப்படிம்மா நம்பறது?

— இதை நீங்க கேக்கலாமா மாமா? லிஃப்ட் சுவத்துக்குப் பின்னாடி நீங்க எதையாவது கண்ணால பாத்து இறக்கியிருக்கீங்களா? 'இன்னும் கொஞ்சம், மெல்ல, நிறுத்து'ன்னு நான் சொல்வேன், நீங்க இறக்குவீங்க. இதுவரைக்கும் ஒரு செங்கல் மூலை உடைஞ்சதுண்டா?

— நீ என் மச்சினன்டா. உன் குரல் கொஞ்சம் மாறினாலே எனக்குத் தெரியும்.

— டாக்டரம்மாவும் தனியா நின்னு குத்தறதில்லைங்க. ஒருத்தர் கீழ்வழியா மருந்து ஏத்தறார், கிட்னியோட சந்தெல்லாம் எக்ஸ்ரே திரையில கோலம் போட்ட மாதிரி தெரியுது. அதைப் பாத்துத்தான் ஊசியே இறங்குது. எனக்கு ஒண்ணு விடாம வரைஞ்சு காட்டினாங்க. கேட்டதையே நாலு தடவை கேட்டேன், முகம் சுளிக்கல.

— சரி.

— என்ன சரி?

— சரின்னேன். ஊசிக்குப் பயமில்ல. ஆஸ்பத்திரிக்கும் பயமில்ல. வேற ஒண்ணு இருக்கு. மாப்ள, கொஞ்சம் காதைப் பொத்திக்கோ.

— பொத்தியாச்சு மாமா.

— நான் இன்னைக்கு இறங்கினா நீ என்னைத் திரும்ப ஏற விடமாட்டே.

— யார் சொன்னா?

— நீதான். ஸ்கேன் எடுத்த அன்னைக்கு, இனிமே அந்த ஏணியில உங்க கால் பட்டா நான் மனுஷியில்லன்னு சொன்னே. உன் சித்தப்பா கடையில எனக்கு ஒரு ஸ்டூல் போட்டாச்சாமே. துணியை விரிச்சு மடிச்சுட்டு என்னால உக்கார முடியாதும்மா. இங்க இருந்தாத்தான் எனக்கு மூச்சு வருது. ஆறு தெரியுது. மழை வர்றது ஊருக்கு முன்னாடி எனக்குத் தெரியுது. நம்ம மொட்டை மாடியில நீ காயப்போடற துணி தெரியுது.

— அதையெல்லாமா பாக்கறீங்க?

— தினம் பாக்கறேன். நீலப் போர்வை தொங்கினா இன்னைக்கு வீட்டைக் கழுவறே, பக்கத்துல போகாம இருக்கறது நல்லதுன்னு புரிஞ்சுக்குவேன்.

— இதை ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?

— சொல்ற விஷயமா அது.

— நானும் ஒண்ணு சொல்றேன், கோபப்படாமக் கேளுங்க. கல்லு மொத்தமும் எடுத்தாலும், தண்ணி குடிக்கலைன்னா திரும்ப வளருமாம். நாள் முழுக்கக் குடிச்சுட்டே இருக்கணும். அந்தக் கூண்டுல உக்காந்துட்டு உங்களால முடியுமா, சொல்லுங்க பாப்போம்.

— முடியாது.

— அப்போ?

— அப்போ என்ன, அதான் நானும் சொல்றேன். இறங்கினா இதோட முடிஞ்சுது. எத்தனையோ கட்டடம் ஏறியாச்சு. இருக்கட்டும். கொஞ்ச நேரம் ஆத்தைப் பாத்துட்டு வர்றேன்.

— மாமா, காதுலேர்ந்து கையை எடுத்துட்டேன். இறங்கறதுன்னா ஒரு வேலை பாக்கி இருக்கு. நாளைக்கு வர்ற ஆளுக்கு மறைவுல இறக்கிப் பழக்கமில்ல. ஒரே ஒரு பெட்டி. அதை மட்டும் வச்சுட்டு வந்துடுங்க.

— எங்க இருக்கு?

— வாசல் கேட்டுக்குப் பக்கத்துல. தார்ப்பாய் சுத்தினது. எடை கம்மிதான், உங்க கொக்கிக்குப் பூ மாதிரி.

— தெரியுது. நெட்டுக்குத்தா நிக்குது, பீரோ மாதிரி. என்னடா உள்ள?

— எடையைச் சொல்றதும் இடத்தைச் சொல்றதும்தான் என் வேலை, சரிதானே? நாலு மூலையும் மாட்டியாச்சு. தூக்குங்க. அக்கா, நீ இந்தப் பக்கம் வா, வாக்கி-டாக்கி உன்கிட்டயே இருக்கட்டும், நான் வேற ஒண்ணை எடுத்துட்டு மாடிக்குப் போறேன்.

— எங்க வைக்கணும்?

— கிரேனைக் கட்டடத்தோட சேத்துக் கட்டியிருக்கோமே, அந்த மாடி. லிஃப்ட் சுவத்துக்குப் பின்னாடி. நான் மாடிக்கு வந்துட்டேன், ஆளுங்க ஒதுங்கி நிக்கறாங்க. இடது பக்கம் வாங்க. இன்னும். நிறுத்துங்க.

— ஒண்ணுமே தெரியல எனக்கு.

— எனக்குத் தெரியுது மாமா. இறக்குங்க. இறக்குங்க. இப்போ மெல்ல. காத்து கொஞ்சம் ஆட்டுது, இருங்க. நின்னுட்டுது. ஒரு சாண். நாலு விரல். தொட்டாச்சு.

— சேதமில்லையே?

— பொட்டு வச்ச மாதிரி உக்காந்திருக்கு. கொக்கியைக் கழட்டிட்டோம், தார்ப்பாயையும் அவுத்தாச்சு.

— இப்போவாவது சொல்லு. அப்படி என்ன பொக்கிஷம்?

— அதை அக்காகிட்டயே கேளுங்க. ஸ்கேன் எடுத்த மறுநாள்லேர்ந்து இன்ஜினியர் ஆபீஸ் வாசல்லயே உக்காந்து, அவர் டீ குடிக்கக்கூட வழி விடாம வாங்கினது அவதான்.

— என்னம்மா அது?

— கக்கூஸுங்க. உங்களுக்குத்தான். உங்க கூண்டுலேர்ந்து ரெண்டே ஏணி இறங்கினாப் போதும், சுவத்து மறைவுல இருக்கறதால எதிர் ஆபீஸுக்கும் தெரியாது. குணமானதும் ஒரு குடம் தண்ணியோட மேல ஏறலாம், இப்போ கீழ வாங்க.